மருந்தும் ஆடும்: அறவளர்ச்சி பற்றிய இரண்டு திருட்டுக் கதைகள்

ஐரோப்பாவில் ஓர் ஊர். ஒருத்தி புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றக்கூடிய மருந்து ஒன்றே ஒன்றுதான். அதே ஊர் மருந்துக்கடைக்காரன் கண்டுபிடித்தது. செய்ய அவனுக்கு ஆகும் செலவு 200 டாலர், விற்பது 2000 டாலருக்கு. புருஷன் ஹைன்ஸ் அங்கே இங்கே கடன் வாங்கி 1000 தேற்றுகிறான். மீதியை அப்புறம் தருகிறேன் என்று கெஞ்சுகிறான். கடைக்காரன் மசியவில்லை. ராத்திரி கடையை உடைத்து மருந்தைத் திருடுகிறான் ஹைன்ஸ். அவன் செய்தது சரியா?

இன்னொரு கதை. ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முந்தைய சீனா. ஷெ என்ற இடத்து ஆளுநர் கன்பூசியஸிடம் பெருமையடித்துக்கொள்கிறார்: எங்கள் பக்கத்தில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான், அவன் அப்பன் ஒரு ஆட்டை அமுக்கிவிட்டான், மகனே சாட்சி சொல்லிவிட்டான் என்று. கன்பூசியஸ் அசரவில்லை. எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி, அப்பன் மகனுக்காக மறைப்பான், மகன் அப்பனுக்காக மறைப்பான், அதற்குள்ளேயே நேர்மை இருக்கிறது என்கிறார். 'லுன் யூ' என்ற உரையாடல் தொகுப்பின் 13ஆம் பகுதியில் இது வருகிறது. ஆட்டை அமுக்கியது என்பதற்கு அங்கே உள்ள சொல் அப்பட்டமான திருட்டைக் குறிப்பதல்ல, வழி தவறித் தன் கொட்டிலுக்கு வந்த ஆட்டை அப்படியே வைத்துக்கொள்வது என்று பழைய உரையாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வழக்கின் கனத்தை மாற்றிவிடுகிறது.

மேற்கத்திய அற உளவியலையும் கன்பூசிய மரபையும் ஒப்பிட வருகிறவர்கள் பொதுவாக ஒரு எதிர்வைப் போட்டுக்கொண்டு தொடங்குவார்கள். மேற்கு என்றால் தனிமனிதன், சுயாதீனம், கேள்வி. கிழக்கு என்றால் குடும்பம், இணக்கம், கீழ்ப்படிதல். மேற்கத்திய ஆய்வாளருக்கும் இது வசதி, ஆசியாவை ஆண்டவர்களுக்கும் வசதி. இந்த எதிர்வு ஒரு பக்கத்தின் தத்துவவாதியை எடுத்து இன்னொரு பக்கத்தின் அரசாங்கத்தோடு ஒப்பிடுகிறது என்பதுதான் என் புகார். மருந்துக் கதையும் ஆட்டுக் கதையும் யார் யார் கைக்குப் போயின, ஒவ்வொரு கையும் அதில் எதை வெட்டியது என்று பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

*

மருந்துக் கதை லாரன்ஸ் கோல்பெர்க் (1927–1987) என்ற அமெரிக்க உளவியலாளரால் பிரபலமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1958இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக 10, 13, 16 வயதுள்ள 72 பேரிடம் இம்மாதிரிக் கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். எழுபத்திரண்டு பேரும் பையன்கள். 'திருடலாம்', 'திருடக்கூடாது' என்பது அவருக்கு முக்கியமில்லை. ஏன் என்று கேட்டால் என்ன காரணம் வருகிறது என்பதுதான் கணக்கு. தண்டனைக்குப் பயம் என்றால் முதல் படி. எனக்கு என்ன லாபம் என்றால் இரண்டு. நல்ல பிள்ளை, நல்ல புருஷன் என்று நாலுபேர் சொல்லவேண்டும் என்றால் மூன்று. சட்டம் ஒழுங்கு குலைந்துவிடும் என்றால் நான்கு. சட்டம் என்பது மனிதர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், உயிருரிமைக்கு முன்னால் மாற்றத்தக்கது என்றால் ஐந்து. யாருக்கும் எங்கும் பொருந்துகிற நீதிக் கோட்பாட்டைத் தன் மனச்சாட்சியிலிருந்து எடுத்துப் பேசினால் ஆறு. சாக்ரடீஸ், காந்தி, மார்ட்டின் லூதர் கிங் எல்லாம் ஆறாம் படிக்கு உதாரணம்.

இதற்கு முன்பே ஜெனிவாவில் ழான் பியாஜே இருந்தார். கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, இந்த விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுக் கேட்டு 1932இல் புத்தகம் எழுதியவர். பெரியவர்களின் அதிகாரத்துக்குப் பணிவதிலிருந்து சமவயதினரின் உடன்பாட்டுக்கு நகர்வதுதான் வளர்ச்சி என்று அவர் கண்டார். கோலிக்குண்டு விளையாட்டில் அப்பா அம்மா கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும். குழந்தையின் அறம் பெரியவர் இல்லாத இடத்தில்தான் முளைக்கிறது என்ற முடிவு, ஆய்வு நடந்த இடத்திலேயே பாதி இருக்கிறது.

கோல்பெர்க் அறையில் உட்கார்ந்து கோட்பாடு பண்ணிய ஆள் இல்லை. இரண்டாம் உலகப்போரின் கடைசியில் கப்பல் வேலைக்குப் போனவர், 1947இல் யூத அகதிகளை பிரிட்டிஷ் முற்றுகையை மீறி பாலஸ்தீனத்துக்குக் கடத்திய கப்பலில் வேலை செய்து, பிடிபட்டு, சைப்ரஸில் அடைபட்டுத் தப்பியவர். சட்டத்தை மீறுவது எப்போது சரி என்ற கேள்வி அவர் உடம்பில் பட்ட கேள்வி. ஹைன்ஸ் கதையின் பின்னால் அந்தக் கப்பல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சட்டத்தை மீறிய நல்லவனுக்கு ஏணியின் உச்சியில் இடம் ஒதுக்கிவைத்த கோட்பாடு, 1960களின் அமெரிக்க மாணவர்களுக்கு ஏன் பிடித்துப்போனது என்றும் இதிலிருந்து புரிகிறது.

சிக்கல் ஏணி கப்பலேறியபோது வந்தது. தைவான், மெக்ஸிகோ, துருக்கி என்று கோல்பெர்கின் ஆய்வு போயிற்று. படிகளின் வரிசை எங்கும் ஒன்றுதான், வேகம்தான் வேறு என்றார். தைவான் கிராமத்துப் பையன்களுக்கு மருந்துக்குப் பதில் உணவை வைத்துக் கதை சொன்னார்கள். பெண்டாட்டி செத்தால் ஈமச்சடங்குக்குச் செலவாகும், அதனால் திருடலாம் என்கிற மாதிரி பதில் வந்தது. கூடப் போனவர் சிரித்தார். கோல்பெர்குக்கு அது சுத்தமான இரண்டாம் படி. அந்தப் பையன் கணக்குப் பார்த்துத்தான் பேசியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டிக்கு முறையாக ஈமச்சடங்கு செய்ய முடியாமல் போவது ஒரு சீனக் கிராமத்தில் என்ன மாதிரி அவமானம், சவச்செலவு ஒரு குடியானவனை எத்தனை வருஷம் கடனில் தள்ளும் என்பதெல்லாம் மதிப்பெண் தாளில் வராது. வார்த்தை மட்டும் ஏறும். அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை ஏறாது.

1985இல் ஜான் ஸ்னாரி என்பவர் 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். முதல் நான்கு படிகள் எங்கும் காணக் கிடைக்கின்றன. ஐந்தாவது படி பெரும்பாலும் நகரத்துப் படித்த நடுத்தர வர்க்கத்தாரிடம்தான் இருக்கிறது, கிராமத்துச் சமூகங்களில் அகப்படவே இல்லை. கூட்டுவாழ்க்கை, பொது நலம், பெரியோர் மதிப்பு என்று காரணம் சொல்கிறவர்களை எங்கே வைப்பது என்று மதிப்பெண் கையேட்டுக்கே தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். ஆறாம் படியின் கதை இன்னும் வேடிக்கை. பேட்டிகளில் ஆறாம் படி ஆள் அகப்படுவதே அபூர்வமாகிவிட, கோல்பெர்க் குழுவின் இறுதி மதிப்பெண் கையேட்டில் (1987) அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள். உச்சியில் இருந்தவர்கள் செத்துப்போன மகான்கள் மட்டும்தான்.

இப்போது ஷெ ஊர் வழக்கை இந்தக் கையேட்டிடம் கொடுத்துப் பாருங்கள். அப்பனுக்காக மறைப்பதுதான் நேர்மை என்ற பதிலுக்கு மூன்றாம் படிக்கு மேல் கிடைக்காது. சாட்சி சொன்ன மகனுக்கு நான்காவது உறுதி. ஆக, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகக் கிழக்காசியா முழுக்க ஆசான் என்று கும்பிட்ட ஆள், ஒரு பதினாறு வயது சிகாகோ பையனுக்குக் கீழே நிற்கிறார். ஆசானைக் காப்பாற்ற நான் இதைச் சொல்லவில்லை. ஏணி எதை அளக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன்.

பேட்டியின்போது ஆய்வாளர் துணைக் கேள்விகள் கேட்பார்: ஹைன்ஸுக்கு மனைவி மேல் பிரியமில்லை என்றால்? சாகக்கிடப்பது மனைவி இல்லை, யாரோ ஒரு அன்னியர் என்றால்? அப்போதும் திருடவேண்டும் என்கிறவன் மேலே போகிறான். உறவைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் அறம் என்ற முன்முடிவு இந்தக் கழித்தலில் இருக்கிறது. கன்பூசியஸிடம் கழித்தல் கிடையாது, பெருக்கல்தான் உண்டு. அப்பன் மேல் உள்ள ஒட்டுதலிலிருந்து தொடங்கி, அதைத் தெருவுக்கும் ஊருக்கும் உலகுக்கும் நீட்டிக்கொண்டு போவது. எல்லோரையும் சமமாக நேசி என்று அதே காலத்தை ஒட்டி மோ ஸியின் ஆட்கள் சீனாவிலேயே சொன்னார்கள். மென்சியஸ் அவர்களோடு மல்லுக்கு நின்றார். உறவற்ற பொது அறம் மேற்கின் தனிச் சொத்து அல்ல என்பதற்கு மோ ஸி ஒருவரே போதும்.

ஹைன்ஸின் மனைவியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. 1982இல் காரல் கில்லிகன் எழுதிய புத்தகம் இந்த ஓட்டையில் கைவைத்தது. ஏமி என்ற பதினொரு வயதுச் சிறுமி, திருடினால் ஜெயிலுக்குப் போவான், அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வது, கடைக்காரனோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்கிறாள். பேட்டியெடுப்பவருக்கு இது கேள்விக்கான பதிலாகவே தெரியவில்லை. அதே வயதுப் பையன் ஜேக் உயிர் பெரிது, சொத்து சிறிது என்று கணக்குப் பாடம்போல ஒப்பித்து மேல் படி வாங்கிக்கொண்டான். கில்லிகனின் 'பராமரிப்பு அறம்' வந்த பிறகு, கன்பூசியஸும் இதைத்தானே சொன்னார் என்று சிலர் கைகோத்துவிட்டார்கள். 1994இல் சென்யாங் லி எழுதிய கட்டுரை அந்த வகையில் கவனிக்கத் தக்கது. ஆனாலும் அவசரப்பட வேண்டாம். கன்பூசிய வீட்டில் மாமனார் மாமியாரைப் பராமரித்தது மருமகள். அவளைப் பற்றிய விதிகளை எழுதியது அவள் இல்லை.

*

அப்படியானால் கன்பூசிய மரபில் அறவளர்ச்சி என்பது என்ன? 'லுன் யூ'வின் இரண்டாம் பகுதியில் கன்பூசியஸ் தன் வாழ்க்கையையே ஒரு வரிசையாகச் சொல்கிறார். பதினைந்தில் கற்கத் துணிந்தது, முப்பதில் காலூன்றியது, நாற்பதில் குழப்பம் நீங்கியது, ஐம்பதில் வானத்தின் ஆணையை அறிந்தது, அறுபதில் காது பழகியது, எழுபதில் மனம் போனபடி போனாலும் வரம்பு மீறாதது. கோல்பெர்கின் ஆய்வு பத்து வயதில் தொடங்கி இளமையோடு முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. இங்கே பதினைந்தில்தான் ஆரம்பமே. இன்னொன்று, இந்த வரிசையில் எங்குமே 'காரணம் சொல்லத் தெரிந்தது' என்று இல்லை. கடைசிக் கட்டத்தில் ஆசைக்கும் அளவுக்கும் சண்டை இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். இது ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்வது, எல்லா மனிதருக்கும் போட்ட படிநிலை அல்ல என்பதும் முக்கியம்.

இதைத் தமிழில் எழுதும்போது சொல்லுக்கே திண்டாட்டம். 'ரென்' என்பதை அன்பு என்றால் போதவில்லை, அருள் என்றால் எங்கோ போய்விடுகிறது. 'லி' என்பதைச் சடங்கு என்று எழுதினால் நமக்கு உடனே புரோகிதர் ஞாபகம் வந்து எரிச்சல் மூள்கிறது, நியாயமான எரிச்சல்தான். ஆனால் அங்கே 'லி' என்பது வணக்கம் சொல்வது, விருந்தாளியை உட்காரவைப்பது, துக்கம் கேட்பது எல்லாவற்றையும் சேர்த்தது. உடம்பு முதலில் கற்கும், மனம் பிறகு வந்து சேரும் என்பது அதன் உளவியல்.

மென்சியஸ் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு) இதற்கு ஒரு தொடக்கப்புள்ளி கொடுத்தார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதறும். பெற்றோரிடம் நல்ல பேர் வாங்கவோ ஊரார் மெச்சவோ வந்த பதற்றம் இல்லை அது. கோல்பெர்கின் இரண்டாம், மூன்றாம் படிகளை மென்சியஸ் முன்கூட்டியே தள்ளிவைப்பதுபோல இருக்கிறது! இந்தப் பதற்றம் ஒரு முளை. முளையைப் பயிராக்கவேண்டும். சொங் நாட்டுக்காரன் ஒருவன் பயிர் சீக்கிரம் வளரட்டும் என்று நாற்றைப் பிடித்து மேலே இழுத்துவிட்டு வந்தான், மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடக்கிறது. நீதிபோதனையால் பிள்ளைகளை அடுத்த படிக்கு ஏற்றப் பார்க்கும் எல்லாக் கல்வித் திட்டக்காரர்களும் படிக்கவேண்டிய கதை இது.

மென்சியஸின் இன்னொரு காட்சி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ச்சி நாட்டு அரசன் ஷுவான், பலிக்கு இழுத்துப்போகும் மாடு நடுங்குவதைக் கண்டு தாங்காமல், அதை விட்டுவிட்டு ஆட்டைப் பலியிடச் சொல்கிறான். ஊரார் கஞ்சன் என்று சிரிக்கிறார்கள். மென்சியஸ் சிரிக்கவில்லை. மாட்டைப் பார்த்தாய், ஆட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்கிறார். பிறகு கொக்கி போடுகிறார்: மாட்டுக்கு எட்டும் உன் இரக்கம் உன் குடிகளுக்கு ஏன் எட்டவில்லை? முடியாமலா, செய்யாமலா? இங்கே அறவளர்ச்சிப் பரீட்சை எழுதுவது குழந்தை அல்ல, அரசன். பரீட்சை வைப்பவன் கையில் அதிகாரம் இல்லை, எழுதுகிறவன் கையில் இருக்கிறது. சிகாகோவில் இது தலைகீழ்.

ஷுன் ஸி இதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. மனித இயல்பு கெட்டது, வளைந்த மரத்தை ஆவியில் வேகவைத்து நிமிர்த்துவதுபோலத்தான் மனிதனை ஆக்கவேண்டும் என்றவர் அவர். ஆனால் அவருடைய பெயரில் உள்ள நூலில்தான் அப்பனைவிட அறவழியைப் பின்பற்று என்ற கருத்து வெளிப்படையாக இருக்கிறது. தவறு செய்யும் தகப்பனைத் தட்டிக்கேட்காத மகன் நல்ல மகன் அல்ல என்பது 'ஷியாவ் ஜிங்' என்ற மகன்கடமை நூலிலேயே தனி அத்தியாயம். கீழ்ப்படிதல்தான் கன்பூசியம் என்கிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

*

இனி ஆடு. ஆட்டுக் கதை அரசின் கைக்குப் போன விதம்தான் இந்தக் கட்டுரைக்கு உயிர்.

முதலில் எதிர்முகாம். கி.மு. 233இல் செத்துப்போன ஹான் ஃபெய், சட்டவாதப் பள்ளியின் பெரிய மூளை, கதையை இப்படிச் சொல்கிறார்: மகன் போய் அப்பனைக் காட்டிக்கொடுத்தான், அதிகாரி மகனைக் கொன்றுவிட்டான், அரசனுக்கு நேர்மையானவன் அப்பனுக்குத் துரோகி என்று. விளைவு, அந்த நாட்டில் குற்றங்கள் மேலிடத்துக்குத் தெரியாமலே போய்விட்டன. ஆக, அரசனின் நேர்மையான குடிமகனும் அப்பனின் நல்ல பிள்ளையும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இவ்வளவு பட்டவர்த்தனமாகப் பேசியதற்கு ஹான் ஃபெய்க்கு நன்றி சொல்லவேண்டும். ச்சின் நாட்டில் அவருக்கு முன்பே ஷாங் யாங் ஐந்து வீடு, பத்து வீடு என்று குடிகளைக் கட்டி, ஒருவன் குற்றத்தைச் சொல்லாத மற்றவனுக்கு உயிர்த் தண்டனை வைத்திருந்தான். அப்படிப்பட்ட ஆட்சிமுறை வளர்ந்துவந்த காலத்தில் அப்பனுக்காக மகன் மறைக்கலாம் என்பது பழமைவாதம் மட்டும் இல்லை. அரசு நுழைய முடியாத ஒரு வாசல்படி அது.

ஆனால் ஹான் பேரரசு கன்பூசியஸை அரசவைக்கு எடுத்துக்கொண்டதும் வாசல்படி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கி.மு. 66இல் ஷுவான் பேரரசர் போட்ட ஆணை: பிள்ளை பெற்றோரை, மனைவி கணவனை, பேரன் தாத்தா பாட்டியை மறைத்தால் குற்றமில்லை. பெற்றோர் பிள்ளையையோ கணவன் மனைவியையோ மறைத்தால்? மரணதண்டனைக் குற்றமாக இருந்தால் தலைமை நீதி அதிகாரிக்கு அனுப்பித் தீர்மானிக்கவேண்டும். 'லுன் யூ'வில் இரண்டு பக்கமும் இருந்த வாக்கியம் — அப்பன் மகனுக்காக என்பதுதான் அங்கே முதலில் வருகிறது — சட்டத்தில் மேல்நோக்கி மட்டும் பாய ஆரம்பித்தது. கி.பி. 653இன் தாங் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு எட்டு போனது. ராஜதுரோகம் போன்றவை தவிர, பெற்றோர் மீது புகார் கொடுக்கும் பிள்ளைக்குக் கழுத்தை நெரித்துக் கொலை. மிங், ச்சிங் சட்டங்களில் கணவன் மீது புகார் கொடுக்கும் மனைவிக்கு, புகார் உண்மையாகவே இருந்தாலும், 100 அடியும் மூன்று வருஷக் கடுந்தண்டனையும். 'மறைக்கலாம்' என்ற அனுமதி 'வாயைத் திறக்காதே' என்ற ஆணையாகிவிட்டது. மூன்றாம் படியில் நிற்பதாக ஆய்வாளர்கள் எழுதும் ஒரு பெண், தன் நாக்கு எத்தனை நூற்றாண்டாகக் கட்டிவைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் படியில் நிற்கிறாள்.

1313இல் மங்கோலிய யுவான் அரசு, ஜூ ஷியின் உரையோடு கூடிய நான்கு நூல்களை அதிகாரித் தேர்வுக்குப் பாடமாக்கியது. 1905 வரை கிட்டத்தட்ட இதுவே நிலை. சுயத்தைப் பண்படுத்துவது வேலை வாங்கும் படிப்பாக மாறியது. இதில் மென்சியஸ் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வுவின் தொண்டையில் சிக்கினார். குடியானவ வீட்டில் பிறந்து, கலகக்காரனாக இருந்து, அரியணை ஏறியவர் ஹோங்வு. ஷாங் வம்சத்துக் கடைசிக் கொடுங்கோலனைக் கொன்றது ராஜஹத்தியா என்று கேட்டபோது, நான் அறிந்தவரை செத்தது ஒரு தனியாள்தான், அரசன் இல்லை என்ற பொருளில் மென்சியஸ் சொல்லியிருக்கிறார். மக்கள்தான் முதன்மை, அரசன் கடைசி என்ற கருத்தும் அங்கே உண்டு. 1372இல் ஹோங்வு கன்பூசியஸ் கோயிலிலிருந்து மென்சியஸின் பெயர்ப்பலகையை எடுக்கச் சொன்னார். எதிர்ப்பவனை அம்பால் அடிப்போம் என்று அறிவிப்பு. ச்சியென் தாங் என்ற அதிகாரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார் என்று மிங் வரலாறு சொல்கிறது. பலகை திரும்பி வந்தது. ஆனால் 1394இல் லியு சான்வு என்ற அறிஞரை வைத்து மென்சியஸில் 85 பகுதிகளை வெட்டி ஒரு சுருக்கப் பதிப்பு தயாராயிற்று. வெட்டிய பகுதிகளிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக்கூடாது என்று உத்தரவு. கன்பூசிய ஏணியின் உச்சிப் படி, அதாவது அரசனைப் பார்த்து 'நீ அரசனே இல்லை' என்று சொல்லும் படி, ஆள் அகப்படாததால் நீக்கப்பட்டதல்ல. ஆள் வந்துவிடுவான் என்ற பயத்தால் நீக்கப்பட்டது.

பிறகு முழு மென்சியஸ் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வெட்டுகிற கை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் தை ஜென், மென்சியஸுக்கு உரை எழுதுகிற சாக்கில் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். சட்டத்தால் செத்தவனுக்காக இரங்கவாவது ஆள் உண்டு, 'நெறி'யின் பெயரால் செத்தவனுக்கு யார் இரங்குவார் என்ற பொருளில். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நெறி சொல்லி அடக்கினால் அது சரி, கீழே இருப்பவன் நெறி சொல்லி வாதாடினால் அது அதிகப்பிரசங்கித்தனம். இதை எழுதியவர் கன்பூசிய மரபுக்கு உள்ளே நின்றவர், ஐரோப்பாவைப் படித்தவர் அல்ல.

லூசுன் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தார். அறவளர்ச்சி பற்றி எழுதிய யாரும் குழந்தைக்கு எப்படி இருந்தது என்று கேட்டதில்லை, அவர் கேட்டார். இருபத்துநான்கு மகன்கடமைக் கதைகள் என்று ஒரு படப்புத்தகம் சீன வீடுகளில் பிரசித்தம். அதில் குவோ ஜூ என்ற ஏழை, அம்மாவுக்குச் சோறு போதவில்லை, பிள்ளை பங்கு கேட்கிறது என்று தன் மூன்று வயதுக் குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டுகிறான். தோண்டத் தோண்டத் தங்கம் கிடைக்கிறது, குழந்தை பிழைக்கிறது, கதை சுபம். 1926இல் எழுதிய கட்டுரையில் லூசுன் சொல்கிறார்: படிக்கிற பிள்ளைக்கு முதலில் வந்தது பயம். நம் வீடும் நொடித்துப்போய், அப்பாவும் நல்ல மகனாக இருக்கத் தீர்மானித்துவிட்டால் புதைபடுவது நான்தானே? குழியில் தங்கம் கிடைக்கும் என்று என்ன உத்தரவாதம்? வீட்டில் இருக்கும் வெள்ளைத்தலைப் பாட்டியைப் பார்த்தாலே பிள்ளைக்கு உதறல். மகன்கடமையைக் கற்பிக்க எழுதிய கதை பாட்டியையும் பேரனையும் எதிரிகளாக்கிவிட்டது. 1918இல் 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' எழுதியவருக்கு அந்தக் கதையின் விதை இங்கேதான் விழுந்திருக்கும்போல.

அடுத்த ஆண்டு, 1919 மே மாதத் தொடக்கத்தை ஒட்டி, ஜான் டூயி ஷாங்காயில் வந்து இறங்கினார். இரண்டு வருஷத்துக்கு மேல் சீனாவெங்கும் கல்வி, ஜனநாயகம் பற்றி உரையாற்றினார். தன்னை டூயியின் வாரிசாகக் கருதிக்கொண்ட கோல்பெர்க் தைவானுக்குப் போகும் முன்பே அவருடைய ஆசான் அங்கே போயாகிவிட்டது. சீன இளைஞர்கள் தங்கள் ஏணியைத் தாங்களே உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மேற்கு வந்து கற்றுக்கொடுத்ததால் அவர்கள் கேள்வி கேட்டார்கள் என்று சொன்னால் தை ஜென்னை மறக்கவேண்டிவரும்.

*

நம் தோழர்களுக்குப் பிடிக்காத இடம் இனி வருகிறது. 1966 நவம்பரில் செங்காவலர்கள் கன்பூசியஸின் ஊரான ச்சூஃபுவில் கோயிலையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். 1974இல் லின் பியாவையும் கன்பூசியஸையும் சேர்த்துக் கண்டிக்கும் இயக்கம் நடந்தது. அதில் ஷாங் யாங்கும் ஹான் ஃபெய்யும் முற்போக்காளர்கள் ஆனார்கள். இந்தப் பத்தாண்டில் பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டத்தில் நிறுத்திக் காட்டிக்கொடுத்தார்கள். ஷெ ஊர் மகன் மாதிரிப் பிள்ளையாகத் திரும்பி வந்தான். அப்பன் பெரிதா இயக்கம் பெரிதா என்று கேட்பதே முதிர்ச்சியின் அளவுகோல் என்று நம்புகிறவர்கள் எங்கும் உண்டு. கோல்பெர்கின் மதிப்பெண் கையேட்டில் அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஐந்தே கிடைத்திருக்கும். வர்க்கத்தின் நலன், வரலாற்றின் விதி என்று உறவைக் கழித்துவிட்டுத்தானே பேசினார்கள்! உறவைக் கழித்த அறம் மேலான அறம் என்பதை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் அரசு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 1982இல் துணைப் பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கோ கெங் சுவீ கன்பூசிய அறநெறியைப் பள்ளிப் பாடமாக்கத் திட்டமிட்டார். தூ வெய்மிங் போன்ற அறிஞர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பாடத்திட்டம் போட்டார்கள். 1984 முதல் மேல்நிலை மாணவர்களுக்குச் சமயக்கல்வி கட்டாயம். பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து, கன்பூசியம் என்று ஒன்றை எடுக்கவேண்டும், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு இந்து சமயப் பாடம் வாய்த்தது. சீனப் பிள்ளைகளோ கன்பூசியத்தைவிடப் பௌத்தத்தை நிறையப் பேர் எடுத்தார்கள். 1989இல் கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டு, 1991இல் 'பொது விழுமியங்கள்' என்று ஒரு வெள்ளை அறிக்கை கொண்டுவந்தார்கள். சமூகத்தை விட நாடு முதலில், தன்னை விடச் சமூகம் மேலே என்பது அதன் முதல் வரியின் சாரம். சொங் நாட்டுக்காரன் நாற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

1994இல் லீ குவான் யூ அமெரிக்க இதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் ஆசியச் சமூகங்கள் வேறு, மேற்கின் ஜனநாயகம் இங்கே அப்படியே ஒட்டாது என்ற தோரணையில் பேசினார். அதே ஆண்டு, அதே இதழில், கொரியாவின் கிம் தே ஜுங் பதில் எழுதினார். 1980இல் ராணுவ ஆட்சி மரணதண்டனை விதித்திருந்த மனிதர், பின்னால் 1998இல் ஜனாதிபதி ஆனவர். ஜான் லாக்குக்குப் பல நூற்றாண்டு முன்பே கொடுங்கோலனை நீக்கும் உரிமையைப் பேசியவர் மென்சியஸ் என்று எடுத்துக்காட்டினார். ஹோங்வு வெட்டி எறிய நினைத்த மென்சியஸ், சாவுத் தண்டனை வாங்கிய ஒருவன் கையில் வந்து சேர்ந்ததைப் பார்க்கிறோம். 'ஆசிய விழுமியம்' பேசிய அரசுகள் எந்தப் பதிப்பைப் படித்தன என்றும் தெரிகிறது.

ஆட்டு வழக்கு சீனாவில் இன்னும் முடியவில்லை. 2002இலிருந்து லியு ச்சிங்பிங், குவோ ச்சியோங் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்களும் அவரவர் தரப்பாரும் சண்டை போட்டார்கள். உறவுக்காரனை மறைக்கச் சொன்னதுதான் சீனத்து ஊழலின் வேர் என்றார் லியு. உறவையே காட்டிக்கொடுக்கச் சொல்லும் அரசு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டுப் பேசு என்பது குவோ தரப்பின் சாரம். லியுவின் கேள்வியை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஆட்டுக்குச் சொந்தக்காரன் எந்தக் கதையிலும் வாய் திறப்பதில்லை. அதிகாரி மகன் அதிகாரி அப்பனுக்காக மறைப்பதையும், ஏழை மகன் ஏழை அப்பனுக்காக மறைப்பதையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது.

2012இல் சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஒரு விதி சேர்ந்தது. பட்டியலில் அண்ணன் தம்பி இல்லை. விதி தடுப்பது கூண்டில் ஏற்றுவதை மட்டும்தான். அதற்கு முன்னால், விசாரணை அறையில், போலீஸ் மகனிடம் அப்பனைப் பற்றிக் கேட்கலாம்.